பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகிப்போனால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

பிரேக் கட்டையாகிவிட்டது என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல், வண்டிக்காரர் மனதில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும்: "பூஸ்டர் போச்சு." (பூஸ்டர் என்பது காலின் அழுத்தத்தைப் பெருக்கிப் பிரேக்குக்குக் கொடுக்கும் பாகம்.) நானும் ஒருமுறை அப்படி நம்பிக் கழற்றியிருக்கிறேன். புது பூஸ்டர் மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து மிதித்தால் அதே கல்லு. கடைசியில் பார்த்தால் இன்ஜினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸின் உள்பக்க ரப்பர் பிரிந்து, தொண்டை அடைத்த மாதிரி குழாயை மூடிக்கொண்டிருந்தது. வெளியில் பார்க்க ஹோஸ் புதுசு போல இருந்தது. அன்றிலிருந்து எதையும் கழற்றுவதற்கு முன் 5 நிமிடச் சோதனையைத்தான் முதலில் செய்கிறேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

## ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகிவிட்டால்

காலை எடுத்து எடுத்து மிதிக்காதீர்கள். பூஸ்டருக்குள் மிச்சமிருக்கும் வேக்குவம் (காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், பூஸ்டர் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது) 2 அல்லது 3 மிதிக்குத்தான் வரும். ஒவ்வொரு முறை விட்டு மிதிக்கும்போதும் அது கரைகிறது. ஒரே மிதியாக, முழு பலத்தோடு, தேவைப்பட்டால் இரண்டு காலையும் வைத்து அழுத்துங்கள். பூஸ்டர் வேலை செய்யாவிட்டாலும் பிரேக் இருக்கிறது, பல மடங்கு அழுத்தம் கேட்கும், அவ்வளவுதான். கியரைக் குறைத்து இன்ஜின் இழுவையில் வேகத்தை இறக்குங்கள். ஹாண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். சாவியை ஆஃப் செய்யக் கூடாது: மிச்சமிருக்கும் உதவியும் போய்விடும், ஸ்டீயரிங்கும் கனக்கும்.

ஓரம் கட்டியபின், "மெதுவாகவே ஓட்டிப் போய்விடலாம்" என்ற எண்ணம் வரும். வேண்டாம். முன்னால் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் அந்தக் கூடுதல் பலத்தைத் தேட நேரம் இருக்காது. இழுத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள்.

## எல்லா அறிகுறிக்கும் முன்னால் இந்த மூன்று சோதனை

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் அல்லது பார்க்கில் வைத்துச் செய்யுங்கள்.

முதல் சோதனை. இன்ஜின் ஆஃப். பெடல் இறுகும் வரை 5, 6 முறை மிதியுங்கள். இறுகியபின் காலை எடுக்காமல் மிதமாக அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் பிடித்ததும் பெடல் காலுக்கு அடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு உதவி வருகிறது. அசையவே இல்லையென்றால் வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் அதைப் பயன்படுத்தவில்லை.

இரண்டாவது. இன்ஜினை 1, 2 நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்யுங்கள். இப்போது மெதுவாக மூன்று முறை மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகப் போய், அடுத்தடுத்த மிதியில் பெடல் உயர்ந்துகொண்டே வர வேண்டும். முதல் மிதியே கல்லு என்றால் வேக்குவம் எங்கோ கசிந்து வெளியேறிவிட்டது. முதலில் செக் வால்வை (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் அடைப்பான்) சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது. இன்ஜின் ஓடும்போதே பெடலை மிதித்துப் பிடித்து, அப்படியே ஆஃப் செய்து 30 விநாடி பிடியுங்கள். பெடல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மேலே தள்ளிக்கொண்டு வந்தால் பூஸ்டருக்குள் காற்று புகுகிறது. கீழே அமிழ்ந்துகொண்டே போனால் அது வேறு நோய்: மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) அல்லது பிரேக் ஆயில் கசிவு. அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

மூன்றும் சரியாக வந்தால் பூஸ்டரை மறந்துவிட்டு, சக்கரம் பிடிப்பது, பேடு (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை), பெடல் கம்பி பற்றிய பகுதிகளுக்குப் போங்கள்.

## காலையில் மட்டும் கல்லு, ஸ்டார்ட் பட்டனும் வேலை செய்யவில்லை

பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் இது அடிக்கடி வரும். இரவு நிறுத்தியபின் யாராவது பெடலை நாலைந்து முறை மிதித்திருந்தால் வேக்குவம் தீர்ந்திருக்கும். பெடல் இறங்காததால் பிரேக் ஸ்விட்ச் தட்டுப்படுவதில்லை, அதனால் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. நன்றாக அழுத்தி மிதித்துக்கொண்டு பட்டனைத் தட்டுங்கள். ஸ்டார்ட் ஆனதும் பெடல் இறங்கிவிட்டால் கோளாறு எதுவும் இல்லை.

யாரும் தொடாமலேயே தினமும் காலையில் இப்படி இருந்தால், இரவோடு இரவாக வேக்குவம் கசிகிறது என்று அர்த்தம். சாயங்காலம் வண்டியை நிறுத்தியபின் பெடலைத் தொடாதீர்கள். காலையில் பானெட்டைத் திறந்து, பூஸ்டரில் செருகியிருக்கும் செக் வால்வை மெல்ல ஆட்டி இழுங்கள். காற்று உள்ளே பாயும் "புஸ்" சத்தம் கேட்டால் பூஸ்டரும் வால்வும் இரவு முழுக்கப் பிடித்து வைத்திருக்கின்றன. சத்தமே இல்லையென்றால் வால்வு, அது உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம், பூஸ்டர், இந்த வரிசையில் பாருங்கள். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருப்பதை நிறைய வண்டியில் பார்த்திருக்கிறேன். ரொம்பச் சின்னச் சாமான் அது.

## இன்ஜின் ஓடும்போதும் எப்போதும் கல்லு

முக்கியமான அறிகுறி இதுதான். மலிவானதிலிருந்து தொடங்குவோம்.

சமீபத்தில் யாராவது பானெட்டுக்குள் கை வைத்தார்களா? ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி சுத்தம், இன்ஜின் வேலை எதுவாக இருந்தாலும் ஹோஸைக் கழற்றி மாட்ட மறந்திருக்கலாம், அல்லது பாதி செருகி விட்டிருக்கலாம். ஹோஸின் இரண்டு முனையையும் கையால் பிடித்து அமுக்கிப் பாருங்கள்.

ஹோஸ். கண்ணால் பார்த்தால் போதாது. ஹோஸ் வெடிப்பது பெரும்பாலும் கிளாம்ப்புக்கு அடியிலும், வளைவின் உள்பக்கத்திலும்தான். கிளாம்ப்பைத் தளர்த்தி ஒரு அங்குலம் பின்னால் தள்ளி, முனையை விரலால் வளையுங்கள். நல்ல ரப்பர் வளைந்து திரும்பும். கெட்டுப்போனது வளைக்கும்போது சின்னச் சின்ன வாய் திறக்கும், விரலில் கறுப்பு ஒட்டும். அப்புறம் இன்ஜின் ஓடும்போது ஹோஸின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். உறிஞ்சலில் சப்பையாகிறதா? உள் ரப்பர் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க, கழற்றி ஒரு முனையில் வெளிச்சம் காட்டி மறுமுனையில் பாருங்கள். வளைந்த ஹோஸ் என்றால் ஊதிப் பாருங்கள். மாற்றும்போது வேக்குவத்துக்கென்றே செய்த ஹோஸ்தான் போட வேண்டும். பெட்ரோல் ஹோஸை வெட்டிப் போட்டால் ஆரம்பத்தில் வேலை செய்யும், சூடேறியதும் உறிஞ்சலுக்குச் சுருங்கிவிடும்.

செக் வால்வு. பூஸ்டரிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகலாம், திரும்பி வரக்கூடாது. இதுதான் அதன் ஒரே வேலை. கழற்றி, துணியால் நன்றாகத் துடைத்து, பூஸ்டர் பக்கமிருந்து வாயால் ஊதுங்கள்: காற்று போக வேண்டும். இன்ஜின் பக்கமிருந்து ஊதுங்கள்: அடைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் போனாலும், இரண்டு பக்கமும் அடைத்தாலும் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயில் ஆவி படிந்து பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும் வால்வைக் கழுவி மறுபடி போடுகிறவர்கள் உண்டு. நான் போடமாட்டேன்.

வேக்குவம் போதுமா? ஹோஸும் வால்வும் சரி என்றால் ஒரு வேக்குவம் கேஜ் வேண்டும். பூஸ்டர் பக்க முனையில் மாட்டி ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் தானாக ஓடும்போது) பாருங்கள். நல்ல பெட்ரோல் இன்ஜின், கடல் மட்டத்துக்குப் பக்கத்தில், பொதுவாக 450 முதல் 550 மி.மீ. பாதரசம் வரை காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 25 மி.மீ. குறையும். மலையூர்களில் பெடல் கொஞ்சம் கனமாகத் தெரிவது இதனால்தான். முள் குறைவாக நின்றாலோ, நடுங்கினாலோ கோளாறு இன்ஜினில்: மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) கேஸ்கெட் கசிவு, வால்வு டைமிங், சைலன்ஸர் பக்கம் கேட்டலிஸ்ட் அடைப்பு. ஐடிலும் ஆடிக்கொண்டிருக்கும். இதற்கு மேல் மெக்கானிக் வேலை.

டீசல் வண்டியா, டர்போ பெட்ரோலா? டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் மாதிரி மேனிஃபோல்டில் உறிஞ்சல் கிடைக்காது. அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும். பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் முதுகில், புதியவற்றில் கேம் ஷாஃப்ட் முனையில். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ வண்டிகள் பலவற்றிலும் பம்ப் உண்டு. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த பம்ப் என்றால் பெல்ட் தளர்வையும், பம்ப்புக்கு வரும் ஆயில் குழாயையும் முதலில் பாருங்கள். மின்சார பம்ப் என்றால் ஃபியூஸ், ரிலே பார்த்துவிட்டு, சாவியை ஆன் செய்து பெடலை நாலைந்து முறை மிதித்தால் "விர்ர்" என்று ஓடுகிறதா என்று காது கொடுங்கள். நல்ல பம்ப் 600 மி.மீ.க்கு மேலே சுலபமாக ஏற்றும். பம்ப் தேய்ந்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

கடைசியாகத்தான் பூஸ்டர். கேஜில் வேக்குவம் நன்றாக வருகிறது, வால்வு நல்லது, முதல் சோதனையில் பெடல் இறங்கவே இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் பூஸ்டர் போய்விட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு வேலை: வால்வைக் கழற்றிய ஓட்டை வழியாக ஒரு மெல்லிய குச்சியில் துணி சுற்றி உள்ளே அடிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் ஒட்டி வந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்து பூஸ்டருக்குள் ஆயிலைக் கொட்டியிருக்கிறது. வெளியில் ஒரு சொட்டுகூடத் தெரியாமல் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வந்ததன் காரணமும் இதுதான். அப்போது பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்குப் போகும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் பழக்கமில்லாதவர் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டுக்கும் நடுவில் உள்ள கம்பியின் நீளம் துளி கூடினாலும் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

## மிதிக்கும்போது "உஸ்" சத்தம், கூடவே ஐடில் ஆடுகிறது

மிதித்த கணத்தில் லேசாக ஒரு மூச்சுச் சத்தம் வந்து நின்றுவிட்டால் அது இயல்பு. மிதித்துப் பிடித்திருக்கும் வரை கால் பக்கத்தில் சீறிக்கொண்டே இருந்தால், அல்லது காலை எடுத்தபின்னும் சீறினால், பூஸ்டரின் டயாஃபிரமோ (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) உள் வால்வோ கிழிந்திருக்கிறது.

சத்தம் பானெட் பக்கமா, கால் பக்கமா என்று பிரித்தறிய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்கட்டும், இன்னொருவர் ஹோஸ் வழியே காது வைத்து நகரட்டும். மின்விசிறி, பெல்ட் பக்கம் கையும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பானெட் பக்கம் என்றால் ஹோஸ், ரப்பர் வளையம். கால் பக்கம் என்றால் பூஸ்டர்.

இன்னொரு சுலபமான வழி. ஐடில் ஆடும்போது ஹோஸைப் பூஸ்டர் பக்கம் இடுக்கியால் மெல்ல நெருக்குங்கள் (ரப்பர் ஹோஸ் என்றால் மட்டும், பிளாஸ்டிக் உடையும்). ஐடில் உடனே சீரானால் கசிவு நெருக்கிய இடத்துக்கு அந்தப் பக்கம், அதாவது பூஸ்டரில்.

## சில நேரம் மட்டும் கல்லு

காலையில் ஸ்டார்ட் செய்து முதல் நிமிடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கனமாக இருக்கிறதா? குளிர்ந்த இன்ஜின் ஐடிலை ஏற்றி ஓடும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் குறைவு. ஏசியும் ஆட்டோமேட்டிக் கியரும் சேர்ந்தால் இன்னும் குறையும். இன்ஜின் சூடானதும் சரியாகிவிட்டால், ஹோஸையும் வால்வையும் ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

நெரிசலில் அடுத்தடுத்து மிதிக்கும்போது மூன்றாவது, நான்காவது மிதியில் இறுகினால் நிலைமை வேறு. வேக்குவம் வருகிறது, ஆனால் நிரம்ப நேரமாகிறது. பாதி அடைத்த ஹோஸ், தேய்ந்த பம்ப் இரண்டுமே இப்படித்தான் முதலில் முகம் காட்டும். இந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்காது.

ஈரமான அல்லது மண் படிந்த சாலையில் அழுத்தி மிதிக்கும்போது பெடல் காலைத் திருப்பி உதைத்து அதிர்ந்தால் அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு). கோளாறு இல்லை. காலை எடுக்காதீர்கள்.

## பெடல் இறுகி, சக்கரமும் பிடித்துக்கொண்டு நிற்கிறது

வண்டி இழுக்காது, கருகல் வாடை வரும், ஒரு சக்கரத்தின் பக்கம் கையை நீட்டினாலே அனல் அடிக்கும். ரிம்மைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். ஆறவிட்டு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் இறக்கியபின் ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பாருங்கள். கிளைகள் இப்படிப் பிரியும்.

ஒரு சக்கரம் மட்டும் இறுகியிருந்தால்: காலிப்பரில் (பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்), ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும் நிப்பிளில் ஒரு குழாய் மாட்டி, கால்வாசிச் சுற்றுத் திறவுங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விட்டுவிட்டால், அழுத்தம் திரும்பிப் போக முடியாமல் சிக்கியிருந்தது. அந்தச் சக்கரத்துக்கு வரும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. ஆயில் வந்தும் சக்கரம் விடவில்லையென்றால் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்களோ துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. பின்களைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் வைத்தாலே பல வண்டிகள் சரியாகும்.

எல்லாச் சக்கரமும், அல்லது முன் இரண்டும் இறுகியிருந்தால்: பெடலுக்குச் சுதந்திர ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். சில மி.மீ. ஆட்டம் வேண்டும். இல்லையென்றால், பெடலுக்கு மேலே உள்ள பிரேக் ஸ்விட்ச் பெடலைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். ஆட்டம் சரி என்றால், இன்ஜினை ஆஃப் செய்து, பெடலைப் பலமுறை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரில் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி, சிலிண்டரைச் சில மி.மீ. முன்னால் இழுங்கள். சக்கரம் விட்டால் கம்பி நீளம் அல்லது பூஸ்டர். விடாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் ஓட்டை அடைத்திருக்கிறது.

அந்த ஓட்டை ஏன் அடைத்தது? இங்கேதான் நெஞ்சு கனக்கும் ஒரு காரணம் வரும். யாரோ பிரேக் டப்பாவில் இன்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றியிருப்பார்கள். டப்பா மூடியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் உப்பி, அலையலையாக நெளிந்து, மறுபடி அதன் இடத்தில் உட்கார மறுத்தால் பிரேக் பாகங்களின் ரப்பர் முழுக்க அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. உறுதிப்படுத்த, டப்பா ஆயிலில் ஒரு சொட்டை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். எண்ணெய் மேலே மிதக்கும். (டாட் 5 சிலிக்கான் ஆயிலும் கரையாது, அது போட்ட வண்டி அபூர்வம்.) எண்ணெய் மிதந்தால் ஆயிலை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது. மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ்கள், காலிப்பர் சீல்கள், ஏபிஎஸ் யூனிட் வரை போக வேண்டியிருக்கும். வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள். டப்பா மூடியில் எழுதியிருக்கும் ஆயிலைத் தவிர வேறெதையும் யார் சொன்னாலும் ஊற்றவிடாதீர்கள்.

## மூன்று சோதனையும் சரி, பெடல் கெட்டி, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது

கால் நன்றாக அழுத்துகிறது, அழுத்தம் சக்கரம் வரை போகிறது, அங்கே பிடிமானம் இல்லை. பேடைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மினுங்கினால் சூட்டில் மெருகேறிவிட்டது. ஆயிலோ கிரீஸோ ஊறிக் கறுத்திருந்தால் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள், கசிவு எங்கிருந்து என்றும் பாருங்கள். புது பேடு போட்ட மறுநாள் இந்தப் புகார் வந்தால், பேடும் டிஸ்கும் இன்னும் ஒன்றோடொன்று படியவில்லை. காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, சுமார் 10 முறை செய்தால் படியும்.

நீண்ட இறக்கத்தில் இப்படி ஆனால் பேடு சூடேறிப் பிடிமானம் விட்டிருக்கிறது. அதே இறக்கத்தில் பெடல் கெட்டியாக இல்லாமல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டிலும் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஆயில் கொதித்திருந்தால் முழுக்க மாற்ற வேண்டும்.

பேடு தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

## பெடலே கரகரவென்று நகர்கிறது

முதலில் தரையில் விரித்த மிதியடி. பெடலுக்குப் பின்னால் மடிந்து சிக்கியிருக்கும், அல்லது உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் கிடக்கும். அடுத்து, பெடல் தொங்கும் ஆணியும், பூஸ்டர் கம்பியை இணைக்கும் ஆணியும் காய்ந்திருக்கும். தண்ணீர் புகுந்த வண்டிகளில் இது நிச்சயம். சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் போதும்.

## மின்சார, ஹைபிரிட் வண்டிகள்

இவற்றில் பலவற்றில் வேக்குவமே கிடையாது. மோட்டாரோ, உயர் அழுத்த ஆயில் பம்ப்போதான் உதவி தருகிறது. மேலே சொன்ன மூன்று சோதனை பொருந்தாது. பெடல் இறுகி டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தால் 12 வோல்ட் பேட்டரியின் நிலையையும், பிரேக் ஆயில் அளவையும் பாருங்கள். அதற்கு மேல் எதையும் கழற்ற வேண்டாம். ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். சில வண்டிகளில் ஏர் எடுப்பதற்கே ஸ்கேனர் தேவை.

## சரிசெய்தபின்

எது மாற்றியிருந்தாலும் மூன்று சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். ஹைட்ராலிக் பக்கம் எதையாவது திறந்திருந்தால் ஏர் எடுத்து, டப்பாவில் அளவு பார்த்து, பெயின்ட்டில் சிந்திய ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட்டை அரித்துவிடும். அப்புறம் ஆளில்லாத சமதளத்தில் 10 கி.மீ. வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். அதன் பிறகு சிறிது தூரம் ஓட்டி, இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகமாக அனல் அடித்தால், சக்கரம் பிடிக்கும் பகுதிக்குத் திரும்பப் போங்கள்.